ஆள் சேர்த்தாச்சுங்க, அப்புறம்? – வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பது, எடுத்தவர்களை நிலைக்க வைப்பது, இடத்தை அவர்களுக்கு ஏற்றபடி அமைப்பது பற்றிக் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

"திருப்பூர்ல ஏற்றுமதி யூனிட்டுங்க. காது கேளாத 6 பேரைத் தையலுக்கு எடுத்தோம். வேலை அத்தனை சுத்தம். ஆனா மூணு மாசத்துக்குள்ள 5 பேர் நின்னுட்டாங்க. சம்பளத்துல குறை வைக்கலைங்க. எங்க தப்பு நடந்துச்சு?"
– மனிதவள அலுவலர், திருப்பூர்

வேலை சுத்தம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் ஊசியிலும் துணியிலும் கோளாறு இல்லை. லைனில் தகவல் போகிற வழியைப் பாருங்கள். பனியன் கம்பெனியில் பெரும்பாலான தகவல் வாய்வழியாகத்தான் போகிறது. ஸ்டைல் மாறினால் சூப்பர்வைசர் நடுவில் நின்று சத்தம் போடுவார். இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடுமா என்பது மதியச் சாப்பாட்டில் காதோடு காதாகப் பரவும். சம்பளத்தில் பிடித்தம் எதற்கு என்றால் அக்கவுண்ட்ஸ் பெண் ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை சொல்லுவார். இவை எதுவும் அந்த 6 பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பக்கத்து மெஷின்காரர் எழுந்தால் தாமும் எழுவார்கள். அளவு மாறியது தெரியாமல் பழைய அளவிலேயே ஒரு பண்டல் முழுக்க ஓட்டி முடிப்பார்கள், டேமேஜ் கணக்கு அவர்கள் தலையில் விழும். இரண்டு தடவை இப்படி நடந்தால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

முதல் காரியமாக, நின்றுபோனவர்களில் ஒருவரையாவது சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் காரணம் நாங்கள் ஊகிப்பதைவிடத் துல்லியமாக இருக்கும்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, ஒவ்வொரு மெஷின் தலைக்கு மேலும் அங்கீகரித்த சாம்பிள் பீஸ் ஒன்று தொங்கட்டும். ஸ்டைல் மாறும்போது மாறிய இடத்தில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அளவை எண்ணாக எழுதுங்கள். "கழுத்து ரிப் 1.8 செ.மீ." என்றால் போதும். பழைய சாம்பிளை உடனே கழற்றிவிட வேண்டும். இரண்டும் தொங்கினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

எழுத்தில் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிறவியிலிருந்தே காது கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி. தமிழ் வாசிப்பது இரண்டாம் மொழி வாசிப்பது போலத்தான். "முன்னனுமதியின்றி விடுப்பெடுக்காதவர்களுக்கு மட்டுமே ஊக்கத்தொகை வழங்கப்படாமல் இருக்காது" என்று நோட்டீஸ் ஒட்டினால் காது கேட்பவர்களுக்கே தலை சுற்றும். "லீவு வேண்டுமா? முதல் நாள் சொல்லுங்கள். சொன்னால் போனஸ் உண்டு" என்று உடைத்து எழுதுங்கள். படமோ 20 நொடி வீடியோவோ வாட்ஸ்அப்பில் போட்டால் இன்னும் நல்லது.

அவர்கள் உட்காரும் இடம் நடைபாதைக்கு முதுகு காட்டாமல் இருக்க வேண்டும். 40 பேர் லைனில் தனி ஆளாக ஒருவரை வைக்காதீர்கள். இரண்டு பேராவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். அதே சமயம் 6 பேரையும் ஒரே மூலையில் ஒதுக்கிவிட்டால் மற்றவர்கள் சைகை கற்கவே மாட்டார்கள். சூப்பர்வைசருக்கும் பக்கத்து மெஷின்காரர்களுக்கும் 50 சைகை தெரிந்தால் நாள் ஓடிவிடும்: நூல், ஊசி, அளவு, டேமேஜ், நிறுத்து, சரி, திரும்பப் பிரி, எத்தனை பீஸ், நாளைக்கு லீவு. 2015-ல் தில்லியில் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்களுக்குமேல் வீடியோவாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஓவர்லாக், பேட்லாக் மாதிரித் தொழில் சொற்களுக்கு உங்கள் ஆட்களே ஒரு சைகை வைத்திருப்பார்கள். அதையே எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள்.

கூப்பிட வேண்டுமென்றால் தோளில் லேசாகத் தட்டலாம், அல்லது மெஷின் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம். பாபினைத் தூக்கி எறிந்து கூப்பிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை முதல் நாளே நிறுத்துங்கள்.

பெரிய ஓட்டை தீ எச்சரிக்கையில் இருக்கும். மணி அடித்தால் அவர்களுக்குத் தெரியாது. மணியோடு சேர்ந்து மின்னும் விளக்கு லைனில் மட்டும் போதாது. கழிப்பறை, ஸ்டோர், சாப்பாட்டுக் கூடம், விடுதி அறை எல்லாவற்றிலும் வேண்டும். ஒத்திகையின்போது ஒருவரைக் கழிப்பறைக்குள் இருக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விளக்கு போடாமல் விட்டிருப்பார்கள்.

காதுக்கருவி போட்டவர்களை நிட்டிங், பாய்லர் பக்கம் அனுப்பும்போது யோசியுங்கள். கருவி இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்; அது காதைக் காக்கும் அடைப்பான் ஆகாது. வேலையில் சேரும் நாள், சம்பளத் தகராறு, பாலியல் தொல்லைப் புகார் விசாரணை ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும். பக்கத்து மெஷின் தோழியை வைத்துப் புகார் விசாரித்தால் உண்மை வெளியே வராது.

"கோபி பக்கம் கல்யாண மண்டபம் வெச்சிருக்கோம். முன்வாசல்ல 5 படி. சாய்தளம் போடச் சொன்னா மேஸ்திரி 10 அடியில முடிச்சுக் குடுத்துட்டாரு. ஒரு பெரியவரைத் தள்ளிட்டுப் போறப்ப நாற்காலி பின்னால சாஞ்சிருச்சு. என்ன அளவுல போடணுமுங்க?"
– மண்டப உரிமையாளர், கோபிசெட்டிபாளையம்

கணக்கு எளிது: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். 1-க்கு 12 என்று விதிகளில் வருவது இதுதான். உங்கள் 5 படியும் 6 அங்குலம் என்று வைத்தால் உயரம் 30 அங்குலம். சாய்தளம் 30 அடி வேண்டும். 10 அடியில் போட்டால் சரிவு 1-க்கு 4. அது சிலிண்டரை உருட்டிவிடத்தான் லாயக்கு. சக்கர நாற்காலியில் இருப்பவர் தானே ஏற முடியாது, தள்ளுகிறவருக்கும் மூச்சு வாங்கும், நாற்காலி பின்னால் கவிழும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது.

30 அடி என்றதும் இடமில்லை என்பீர்கள். நேராகப் போட வேண்டியதில்லை. ஒரே ஓட்டமாக 9 மீட்டருக்குமேல் போகவும் கூடாது. 15 அடி ஏறி, 5 அடி சமதளத்தில் திரும்பி, மீண்டும் 15 அடி ஏறுகிற மாதிரி மடித்துப் போடுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் 4 அடி அகலம், நடுவில் அரையடிச் சுவர். ஆக, 20 அடிக்கு எட்டரை அடியில் சாய்தளம் அடங்கும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 5 அடிச் சமதளம் வேண்டும். கதவு சாய்தளத்தின் தலைமாட்டிலேயே வெளிப்பக்கமாகத் திறந்தால் ஏறி வந்தவர் சரிவில் நின்றுகொண்டு கதவை இழுக்க வேண்டியிருக்கும்.

இருபுறமும் கைப்பிடி, இரண்டு உயரத்தில்: 70 செ.மீ., 90 செ.மீ. குழாய் ஒன்றரை அங்குலம் பிடிக்கத் தோதாக இருக்கும். சரிவு முடிந்த பிறகும் ஓர் அடி நீட்டிவிடுங்கள். தடி ஊன்றி வருகிறவர்களுக்குக் கடைசி அடியில்தான் பிடிமானம் தேவைப்படும். ஓரத்தில் 3, 4 அங்குலம் விளிம்பு கட்டினால் முன்சக்கரம் வெளியே நழுவாது. தரையில் பாலிஷ் கிரானைட் வேண்டாம். மழை பெய்தாலும் வாழையிலைத் தண்ணீர் சிந்தினாலும் வழுக்கும். சொரசொரப்பான சிமெண்ட் போதும், செலவும் கம்மி. முகூர்த்த நாளில் அதன்மேல் கம்பளம் விரிக்காதீர்கள். சக்கரத்துக்கு முன்னால் சுருண்டுகொள்ளும். வாழை மரமும் வரவேற்புப் பலகையும் சாய்தளத்தின் வாயில்தான் பெரும்பாலும் கட்டப்படுகின்றன. அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடிவாரத்தில் சாக்கடை மூடி இருந்தால் இடுக்கு 12 மி.மீட்டருக்குமேல் இருக்கக் கூடாது, முன்சக்கரம் சிக்கும்.

வாசலோடு நிறுத்திவிடாதீர்கள். மணமேடைக்குப் பக்கவாட்டில் கழற்றி மாட்டும் சாய்தளம் ஒன்று இருந்தால் உறவினர் மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் அத்தை கீழேயே உட்கார்ந்திருப்பார். பந்தியில் நாற்காலிகளைத் தரையோடு பதித்திருந்தால் வரிசைக்கு ஒன்றைக் கழற்றி இடம் விடுங்கள். மேசைக்கடியில் 70 செ.மீ. உயரம் காலியாக, குறுக்குச் சட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். பந்தி நிலவறையில் இருந்து லிஃப்ட்டும் இல்லையென்றால், கீழே போக முடியாதவர்களுக்கு மேல்தளத்தில் ஒரு மேசை போட்டு, கூட வந்தவர்களோடு சேர்த்துப் பரிமாறுங்கள். தனியாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்களைக் கீழே அனுப்புவது மரியாதை இல்லை.

கழிப்பறை ஒன்றாவது ஏழுக்கு ஏழு அடி, கதவு 90 செ.மீ. தெளிவான வழியோடு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். பீங்கான் இருக்கை உயரம் 45 முதல் 48 செ.மீ., பக்கச் சுவரில் உறுதியான பிடிகம்பி. கம்பியை டைல்ஸ் ஒட்டிய ஒற்றைச் செங்கல் சுவரில் சின்ன திருகில் மாட்டினால் ஒரு ஆள் எடைக்கே பிடுங்கிக்கொண்டு வரும்; உள்ளே சிமெண்டில் தகடு பதித்து போல்ட் போடச் சொல்லுங்கள். கட்டிய பிறகு சமையல்காரர் அண்டா வைக்கும் அறையாக அது மாறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் மேலாளர் வேலை.

"தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு தம்பியை மோட்டார் காயில் வைண்டிங்குக்கு எடுக்க இருக்கிறோம். வேலை தெரிந்தவர். சக்கர நாற்காலியில் வருவார். என்னென்ன ஏற்பாடு தேவை?"
– மோட்டார் பம்ப்செட் தயாரிப்பாளர், கணபதி, கோவை

நல்ல பொருத்தம். வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் வைக்கும் செப்புக் கம்பியைச் சுற்றுவது, உட்கார்ந்து செய்யும் கைவேலைதான். மேசை மேற்பரப்பு 75 முதல் 80 செ.மீ., கீழே முழங்காலுக்கு 70 செ.மீ. உயரமும் அரை மீட்டர் ஆழமும் காலியாக வேண்டும். ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத பாகம்) சுழலும் தாங்கியில் வைத்தால் அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. முடித்த காயிலை எடுத்துப் போக சக்கரம் வைத்த டிரே இருக்கட்டும்.

மேசையைவிட முக்கியமான சங்கதிகள் சில உண்டு, அவற்றை அவர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படலாம். தண்டுவடம் அடிபட்டவர்களில் பலர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீர் எடுப்பார்கள். ஆகவே ஷிப்டுக்குள் ஒருமுறையாவது தேவைப்படும். 10 நிமிட டீ இடைவேளை அதற்குப் போதாது. 20 நிமிடம் கொடுங்கள், சம்பளத்தில் பிடிக்காமல். கழிப்பறையில் தாழ்ப்பாள், கை எட்டும் தூரத்தில் சோப்பும் தண்ணீரும், பொருள் வைக்க ஒரு தட்டு, மூடி போட்ட குப்பைத்தொட்டி வேண்டும். சுத்தமில்லாத கழிப்பறை இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ஒரு வார லீவு. "அடிக்கடி லீவு போடுகிறார்" என்று நிறுவனம் சொல்லும் புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தப் புண் வரும். கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்குவார், அல்லது முன்னால் சாய்வார். மேற்பார்வையாளருக்கு இதைச் சொல்லிவையுங்கள்; சும்மா இருக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. சால்டரிங் இரும்போ சூடான வார்னிஷ் தட்டோ அவர் தொடை மேல் வரவே கூடாது. சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தரையில் கிடக்கும் செப்புக் கம்பித் துணுக்குகள் டயரைக் குத்தும். தினமும் இருமுறை பெருக்குங்கள், அல்லது காற்றில்லாத கெட்டி டயர் போட்டுக்கொள்ளலாமா என்று அவரைக் கேளுங்கள். தகரக் கூரையானால் சித்திரை வெயிலில் கவனம் வேண்டும்: மேல்முதுகு, கழுத்து அளவில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு சட்டென்று ஏறிவிடும். இவருக்கு எந்த அளவில் அடி என்று அவரே சொல்வார்.

அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வந்தால், வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி நிறுத்தி மாறிக்கொள்ளவும் இடம் வேண்டும். கட்டம் போட்டுவிட்டால் மட்டும் போதாது, மற்றவர்களின் பைக் அதில் நிற்காமல் வாட்ச்மேன் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் பணம் செலவழிப்பதற்கு முன் அந்தத் தம்பியை ஒருநாள் வரவழைத்து, கேட்டிலிருந்து மேசை வரை, மேசையிலிருந்து கழிப்பறை வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே மட்டும் இடித்தால் போதும்.

"பையர் ஆடிட்டில் (சரக்கு வாங்கும் கம்பெனியின் தணிக்கையில்) 'சம வாய்ப்புக் கொள்கை எங்கே?' என்று கேட்டார்கள். எங்களிடம் 34 பேர் வேலை செய்கிறார்கள், மாற்றுத்திறனாளி யாரும் இல்லை. அப்படியும் வேண்டுமா? 5 சதவீதம் கட்டாயம் என்கிறார்களே?"
– பொறியியல் பட்டறை, சூலூர்

வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 தனியார் நிறுவனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 20 பேருக்குமேல் இருப்பதால் உங்கள் கொள்கை கொஞ்சம் விரிவாக இருக்க வேண்டும்: என்னென்ன வசதி உண்டு, எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருந்தும், எப்படித் தேர்வு செய்வீர்கள், சேர்ந்த பிறகும் பதவி உயர்வுக்கு முன்பும் என்ன பயிற்சி, இடமாற்றத்திலும் குடியிருப்பிலும் முன்னுரிமை, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், தடையற்ற வழி, இதையெல்லாம் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார். இணையதளத்தில் போடுங்கள், தளம் இல்லையென்றால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஒரு படியை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்யுங்கள். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை.

5 சதவீதம் என்பது தனியாருக்குக் கட்டாய ஒதுக்கீடு அல்ல. அந்த அளவை எட்டும்படி அரசு ஊக்கம் தர வேண்டும் என்பதுதான் சட்டத்தில் இருக்கிறது. கட்டாயமான 4 சதவீதம் அரசு நிறுவனங்களுக்கு.

இணையத்தில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவதைப் பரவலாகப் பார்க்கிறோம். லேத் பட்டறையின் கொள்கையில் "அனைத்துக் கால்சென்டர் பணிகளும்" என்று இருக்கும். உங்கள் இடத்தைச் சுற்றி வந்து எழுதுங்கள். சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இயந்திரம்) ஆபரேட்டர் வேலை காது கேளாதவருக்குப் பொருந்துமா? பொருந்தும், ஆனால் டூல் உடையும் சத்தம் கேட்காது என்பதால் அலாரம் விளக்கு வேலை செய்ய வேண்டும். பொருள் ஆய்வு, ஸ்டோர் கணக்கு, பேக்கிங்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் அந்தப் பட்டியலே உங்களுக்கு ஆள் எடுக்கும் வழிகாட்டியாகிவிடும். ஆள் சேர்ந்த பிறகு ஊனத்தின் வகை, செய்யும் வேலை, கொடுத்த வசதி எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேடு பீரோவுக்குள் இருக்கட்டும், நோட்டீஸ் போர்டில் அல்ல.

"மகனுக்கு 22 வயசுங்க, டவுன் சிண்ட்ரோம். சொன்ன வேலையைப் பொறுமையாச் செய்வான். பக்கத்துல ஒரு கார்மெண்ட்ஸ்ல சேர்த்துக்கறேங்கறாங்க. ஆனா என்ன வேலை குடுக்கறதுன்னு அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை."
– ஒரு தாய், பெருந்துறை

அம்மா, இந்தப் பதிலை அந்தக் கம்பெனிக்காரர்களிடமும் காட்டுங்கள்.

"ஹெல்பர்" என்று பொதுவாகச் சேர்த்தால் அன்றாடம் ஆளுக்கொரு வேலை சொல்வார்கள், பையன் திணறிப்போவான். ஒரே ஒரு வேலையை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். பனியனை மடித்து பாலிபேக்கில் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பனியனை முகம் கீழாக விரி, மடிப்பு அட்டையைக் கழுத்துக்குக் கீழே வை, வலது பக்கம் மடி, இடது பக்கம் மடி, அடியை மேலே தூக்கு, அட்டையை உருவு, பையில் போடு, ஒட்டு. எட்டுப் படிக்கும் எட்டுப் படம் எடுத்து மேசையில் ஒட்டுங்கள். கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்லது: ஏழு படியைப் பயிற்சியாளர் செய்துவிட்டு ஒட்டுவதை மட்டும் மகன் செய்யட்டும். முதல் மணி நேரத்திலேயே முழுசாக முடிந்த பீஸ் அவன் கையில் இருக்கும். அது பழகியதும் கடைசி இரண்டு படி, பிறகு மூன்று என்று பின்னோக்கிப் போகலாம்.

எண்ணிக்கை தவறும் என்று பயப்படுவார்கள். 12 கட்டம் போட்ட பெட்டி ஒன்று செய்து கொடுத்தால் எண்ணவே வேண்டாம், கட்டம் நிறைந்தால் டஜன். சைஸ் கலப்பதுதான் பேக்கிங்கில் பெரிய டேமேஜ். மேசைக்கு ஒரு நேரத்தில் ஒரே சைஸ் வரட்டும். அல்லது லேபிளிலும் பையிலும் ஒரே நிறப் பொட்டு ஒட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் கூடவே ஒருவர் நிற்க வேண்டும். சிறப்புப் பள்ளியின் பயிற்சியாளர் என்றால் நல்லது. பிறகு தள்ளி நின்று பார்த்து, வாரம் ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் சிறப்புக் கல்விக்கும் மாற்றுத்திறன் மேலாண்மைக்கும் தனித் துறையே இருக்கிறது. ஆலோசனைக்கு அங்கே கேட்டுப் பாருங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்: திங்கட்கிழமை முன்னறிவிப்பில்லாமல் ஸ்டைலை மாற்றுவார்கள். சூப்பர்வைசர் மாறுவார், வந்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மற்றவர்கள் டீ வாங்கி வரச் சொல்லி விரட்டுவார்கள். தப்புச் செய்தால் "பாவம்" என்று விட்டுவிட்டுப் பின்னால் சத்தமில்லாமல் வேறொருவர் சரிசெய்வார். அவனுக்குத் தப்பு தெரியாமலேயே போகும். தப்பை அங்கேயே காட்டித் திருத்தச் சொல்லலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை. சம்பளத்தைப் "பாக்கெட் மணி" ஆக்க விடாதீர்கள். மற்றவர்களுக்கு என்ன ரேட்டோ அதுதான் இவனுக்கும், அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில்.

18 வயது தாண்டியதால் சட்டப்படி காப்பாளர் தேவைப்படலாம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளைமுடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

"பார்வையற்ற ஒருவர் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கம்ப்யூட்டரில் எல்லாம் செய்வேன் என்கிறார். நம்பலாமா?"
– ஜவுளி ஏற்றுமதி அலுவலகம், கரூர்

நம்புவதற்கும் மறுப்பதற்கும் முன்னால் உங்கள் எக்செல் ஷீட் ஒன்றைக் கொடுத்து ஒரு மணி நேரம் செய்யச் சொல்லுங்கள். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்) இலவசம், தமிழும் வாசிக்கும். ஜி.எஸ்.டி. 2பி-யோடு (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) கொள்முதல் பில்லை ஒப்பிடுவது, பாக்கி வசூலுக்குப் போன் பேசுவது போன்றவற்றில் தடை ஏதும் இருக்காது.

தடை உங்கள் ஃபைல்களில் இருக்கும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த தமிழைத் திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வாசிக்கும், யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அதற்கு வெறும் படம். எக்செலில் கட்டங்களை ஒன்றாக இணைத்து அழகுபடுத்தியிருந்தால் எந்தத் தலைப்பின் கீழ் எந்தத் தொகை என்று பிடிபடாது. கையால் எழுதிய வவுச்சரை அவரால் வாசிக்க முடியாது. அந்தப் பதிவை வேறொருவருக்குக் கொடுத்து, அவருடைய வேலையில் ஒரு பங்கை இவருக்கு மாற்றிவிடுங்கள். அலமாரியை இடம் மாற்றினால் சொல்லுங்கள், டிராயரைத் திறந்தபடி விடாதீர்கள். வழிகாட்ட வேண்டுமென்றால் அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்ள அவரே விரும்புவார், கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

"எனக்குக் கால் ஊனம், 60 சதவீதம். சம்பளம் 23,500 ரூபாய். 21,000-க்கு மேலே போனதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது என்கிறது ஆபீஸ். சரியா?"
– வாசகர், ஈரோடு

சரியில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய். யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டை நகலோடு எழுத்தில் கொடுங்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், ஈ.எஸ்.ஐ. கணக்கில் முழு 23,500-ம் வந்தால் உங்களுக்குப் பிடிப்பது மாதம் 177 ரூபாய்தான்.

"பள்ளிபாளையத்தில் விசைத்தறி. தறி ஓட்டுபவருக்கு வலக்கையில் மூன்று விரல் போய்விட்டது. திரும்ப வேலைக்கு வருகிறார். ஈ.எஸ்.ஐ. பணம் வாங்கினால் வேலை கொடுக்கக் கூடாது என்கிறார்களே?"
– தறி உரிமையாளர்

நிரந்தர ஊனத்துக்கான ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை வேலைக்குத் திரும்பினாலும் வரும். சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்பதை மருத்துவக் குழு தீர்மானிக்கும். அந்த விண்ணப்பத்துக்கு உங்கள் விபத்து அறிக்கை தேவை, தாமதிக்காதீர்கள். பாவு (தறியின் நீளவாக்கு நூல்) பிணைக்க இரண்டு கையின் நுனிவிரலும் வேண்டும் என்பதால் அதைச் சில மாதம் வேறொருவர் செய்யட்டும். துணி பார்த்தல், தார் சுற்றுதல் (ஊடு நூலைக் குச்சியில் சுற்றுவது), ஸ்டோர் என்று மாற்றிக் கொடுக்கலாம். தறியே ஓட்டுவேன் என்றால் ஒரு தறியில் தொடங்கட்டும். கூலி பீஸ் கணக்கு என்றால் அந்த மாதங்களுக்கு நாள் சம்பளமாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேகத்துக்கு ஆசைப்பட்டு மீதி விரலையும் பணயம் வைப்பார். விரல் போன தறியில் காப்புத் தட்டு மாட்டிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

"பக்கத்து டவுனுக்கு வேலைக்குப் போறேன். டவுன் பஸ்ஸில் கூட வர்ற அம்மாவுக்கும் டிக்கெட் எடுக்கணுமா?"
– வாசகி, தாராபுரம்

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். நடத்துனர் மறுத்தால் பேருந்து எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பணிமனையிலோ திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலோ மனுவாகக் கொடுங்கள். மனு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.